உப்பைக் கரைத்தால் தண்ணீர் ஏன் சில்லிடுகிறது, ஏன் சுடுகிறது? அளந்து, கணக்குப் போட்டு, காரணம் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றிய தண்ணீர். ஒன்றில் இரண்டு கரண்டி நவச்சாரத்தை, அதாவது அம்மோனியம் குளோரைடைப் போட்டுக் கலக்குங்கள். அரை நிமிஷத்தில் டம்ளர் விரலுக்குச் சில்லென்று படும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் வெளிப்பக்கம் வியர்க்கவும் செய்யும். இன்னொன்றில் நீரற்ற கால்சியம் குளோரைடு அதே இரண்டு கரண்டி. இந்த டம்ளர் கையைச் சுடும். இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன, இரண்டும் குளோரைடுகள், இரண்டும் தடம் தெரியாமல் கரைந்துவிட்டன. அடுப்பும் இல்லை, ஐஸும் இல்லை.

முதலாவதற்கு ‘வெப்பங்கொள்’, இரண்டாவதற்கு ‘வெப்ப உமிழ்’ என்று பாடத்தில் படித்திருப்போம். அது பெயர் மட்டும்தான், காரணம் இல்லை. காரணத்தை எண்களோடு பார்த்தால்தான் மனசில் நிற்கும். அதனால் முதலில் அளப்போம், அப்புறம் கணக்கு, அதன் பிறகு காரணம்.

படி 1: என்னென்ன வேண்டும்

0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு கிராம் சுத்தமாகக் காட்டும் தராசு, ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு தெர்மோகோல் கப், அதற்கு அட்டையில் வெட்டிய ஒரு மூடி. கண்ணாடி டம்ளர் கையால் தொட்டு உணர நல்லது, அளக்க மோசம். கண்ணாடி தானே கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், கொடுக்கவும் செய்யும். தெர்மோகோல் அந்த வேலையைச் செய்யாது.

உப்புகளில் சமையல் உப்பு, நவச்சாரம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), கால்சியம் குளோரைடு ஆகிய நான்கும் இருந்தால் போதும். பொட்டாசியம் குளோரைடு கிடைத்தால் கூடுதல் சுவாரசியம். கால்சியம் குளோரைடு வாங்கும்போது லேபிளில் ‘நீரற்றது’ என்று இருக்கிறதா பாருங்கள். அந்த ஒரு சொல்லில்தான் பாதி விஷயம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

வேண்டாதவையும் உண்டு. காஸ்டிக் சோடாவை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 100 கிராம் தண்ணீரில் 10 கிராம் போட்டாலே வெப்பநிலை 24 டிகிரி அளவுக்கு ஏறும், தெறித்தால் தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும். அடிபட்டால் ஒற்றடம் கொடுக்கும் குளிர்ப்பைகளை உடைத்து உள்ளே இருப்பதை எடுக்கவும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெடிபொருளுக்கும் பயன்படுவது என்பதால் பல நாடுகளில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எதைக் கரைத்தாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, தண்ணீரில் உப்பைப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கரைசலை ருசி பார்ப்பதும் கூடாது.

படி 2: அளப்பது

தண்ணீரையும் உப்பையும் ஒரே அறையில் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர் அறையை விட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கலாம். அப்போது நீங்கள் அளப்பது உப்பின் வேலையையா, அறைக்காற்றின் வேலையையா என்று தெரியாது.

கப்பில் 100 கிராம் தண்ணீர் எடுங்கள். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வாருங்கள். நாலைந்து தடவை எண் மாறாமல் நின்றால், நிறுத்து வைத்த 10 கிராம் உப்பை ஒரே மூச்சில் கொட்டி, மூடி, கலக்கத் தொடங்குங்கள். குறிப்பதை நிறுத்தாதீர்கள். நவச்சாரம் என்றால் எண் சரசரவென்று இறங்கி, ஓர் இடத்தில் நின்று, பிறகு மெதுவாக ஏறத் தொடங்கும். அந்த ஏற்றம் அறை திருப்பிக் கொடுக்கும் வெப்பம். கரைவதற்கு நேரம் எடுக்கும் உப்பில் இதைத் திருத்த ஒரு வழி உண்டு. நேரத்துக்கு எதிராக வெப்பநிலையை வரைபடமாக்கி, கடைசியில் வரும் நேர்கோட்டைப் பின்னோக்கி, உப்பைக் கொட்டிய நொடி வரை நீட்டுங்கள். அங்கே தொடும் வெப்பநிலைதான் உண்மையான கடைசி வெப்பநிலை.

பொதுவாக நடக்கும் தவறு, அடியில் உப்பு குவிந்து கிடக்கும்போதே “அவ்வளவுதான்” என்று முடித்துவிடுவது. தெர்மாமீட்டரைச் சற்றே தூக்கிவிட்டு, கரண்டி அடியைத் தொடுகிற மாதிரி கலக்குங்கள். கரகரப்பு போன பிறகு வரும் எண்ணையே நம்புங்கள்.

படி 3: எண்ணை வெப்பமாக மாற்றுவது

ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் வேண்டும். கரைசலின் மொத்த எடை 110 கிராம் என்பதால், அதை ஒரு டிகிரி மாற்ற ஏறக்குறைய 460 ஜூல். நவச்சாரத்தில் 6 டிகிரி இறங்கியது என்று வைத்துக்கொண்டால், 460 × 6 = 2,760 ஜூல் தண்ணீரிலிருந்து போயிருக்கிறது.

இதை ஒரு மோலுக்கு மாற்ற வேண்டும். மோல் என்பது டஜன் மாதிரி, துகள்களை எண்ணும் ஒரு பெரிய அலகு. நவச்சாரத்தின் ஒரு மோல் 53.5 கிராம். 10 கிராம் என்பது 0.187 மோல். 2.76 கிலோஜூலை 0.187 ஆல் வகுத்தால் 14.8 கிலோஜூல். வேதியியல் அட்டவணைகளில் இருப்பதும் இதுதான். உங்களுக்கு ஐந்தரையிலிருந்து ஏழு டிகிரி வரை எது வந்தாலும் கை சுத்தம் என்று அர்த்தம். கரைசலின் தன்வெப்பம், அதாவது ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற வேண்டிய வெப்பம், சுத்தமான தண்ணீரை விடச் சற்றுக் குறைவு என்பதால் இறக்கம் கொஞ்சம் அதிகமாகலாம். கப்பிலும் மூடியிலும் கசிவது அதை எதிர்ப்பக்கம் இழுக்கும்.

மற்ற உப்புகளுக்கும் இதே கணக்குதான். சமையல் உப்புக்கு மோலுக்கு +3.9 கிலோஜூல், பொட்டாசியம் குளோரைடுக்கு +17.2, வெடியுப்புக்கு (பொட்டாசியம் நைட்ரேட்) +34.9, அம்மோனியம் நைட்ரேட்டுக்கு +25.7, நீரற்ற கால்சியம் குளோரைடுக்கு ஏறக்குறைய -81. கூட்டல் குறி என்றால் தண்ணீரிடமிருந்து எடுக்கிறது, கழித்தல் குறி என்றால் தண்ணீருக்குக் கொடுக்கிறது. குறியில் பலரும் தடுமாறுவார்கள். கணக்கு எழுதுவது உப்பின் பக்கத்திலிருந்து என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

பத்து கிராம் சமையல் உப்பு தண்ணீரை ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரிதான் இறக்கும். கையால் தொட்டால் தெரியவே தெரியாது. அதனால்தான் ‘உப்பு கரைந்தால் வெப்பநிலை மாறாது’ என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பத்து கிராம் நீரற்ற கால்சியம் குளோரைடோ 16 டிகிரி அளவுக்கு ஏற்றும்.

படி 4: காரணம், ஒரு வரவு செலவுக் கணக்கு

உப்புப் படிகத்துக்குள் நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் (மின்னூட்டம் உள்ள அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்கள்) மாறி மாறி அடுக்கப்பட்டு, ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. கரைய வேண்டுமென்றால் அந்தப் பிடி விட வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். இது படிகக்கூடு ஆற்றல். பிரிந்து வந்த அயனியை உடனே தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர் மின்னூட்டம், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர் மின்னூட்டம். சோடியத்தை ஆக்சிஜன் முனை நோக்கும், குளோரைடை ஹைட்ரஜன் முனைகள் நோக்கும். இப்படி ஒட்டிக்கொள்ளும்போது ஆற்றல் வெளியாகும். இது நீரேற்ற ஆற்றல். தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கோத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை விலக்கி இடம் கொடுக்கும் செலவும் இந்த எண்ணுக்குள்ளேயே கழிக்கப்பட்டுவிடும்.

சமையல் உப்பின் கணக்கைப் பாருங்கள். ஒரு மோல், அதாவது 58.4 கிராம் உப்பைத் தனித்தனி அயனிகளாகப் பிரிக்க 787 கிலோஜூல் செலவு. அந்த ஆற்றலைக் கொண்டு இரண்டரை லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்றிவிடலாம். ஒரு கைப்பிடி உப்புக்குள் இருக்கும் பிடி அவ்வளவு. நீரேற்றத்தில் திரும்பி வருவது ஏறக்குறைய 783. மிச்சம் வெறும் 4 கிலோஜூல் பற்றாக்குறை. இந்த 4 கிலோஜூலைக் கொண்டு கொதிக்கவைக்க முடிவது ஒரு மேசைக்கரண்டி தண்ணீர்கூட இல்லை.

நாம் தெர்மாமீட்டரில் பார்ப்பது இந்த மிச்சத்தை மட்டும்தான். இரண்டு பெரிய தொகைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போன பிறகு கையில் நிற்கும் சில்லறை. செலவு சற்றே கூடினால் குளிர், வரவு சற்றே கூடினால் சூடு. ‘பிணைப்பு வலுவாக இருந்தால் குளிரும்’ என்று ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்கிற விளக்கங்கள் பிழையாகிப் போவது இதனால்தான். கால்சியம் குளோரைடின் படிகப் பிடி சமையல் உப்பினுடையதைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய 2,260 கிலோஜூல். அது தண்ணீரைக் குளிர்விப்பதில்லையே! நீரேற்றத்தில் அதற்குச் சுமார் 2,340 திரும்பக் கிடைத்துவிடுகிறது.

‘உப்பு உண்மையில் அப்படித் தனித்தனி அயனிகளாகக் காற்றில் பறந்துவிட்டா தண்ணீரில் இறங்குகிறது?’ என்று கேட்கலாம். இல்லை. அது நாம் கற்பனையாகப் போட்ட பாதை. ஆனால் கணக்கு செல்லும். 1840-இல் ஜெர்மைன் ஹெஸ் சொன்ன விதி இதற்குக் கைகொடுக்கிறது. எந்த வழியில் போனாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்பம் ஒன்றுதான்.

சரி, பற்றாக்குறையை யார் கட்டுகிறார்கள்? தண்ணீர்தான். தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்து, முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. அந்த அசைவின் அளவைத்தான் வெப்பநிலை என்கிறோம். படிகத்திலிருந்து அயனியைப் பிடுங்க அசைவில் ஒரு பங்கு செலவானால் எல்லாம் சற்றே மந்தமாகும், தெர்மாமீட்டர் இறங்கும். உப்பு தண்ணீருக்குள் குளிர்ச்சியைக் கொண்டுவரவில்லை. அங்கிருந்த அசைவை எடுத்து இழுவிசைகளுக்குள் பூட்டிவைத்திருக்கிறது.

படி 5: எந்த உப்பு எந்தப் பக்கம்?

சிறிய அயனி தண்ணீரைக் கிட்டத்தில் இழுக்கும். மின்னூட்டம் இரட்டையாக இருந்தால் இன்னும் பலமாக இழுக்கும். லித்தியம், மெக்னீசியம், கால்சியம் மூன்றும் இந்த ரகம். பொட்டாசியமும் அம்மோனியமும் பருமனானவை, ஒற்றை மின்னூட்டம், தண்ணீரின் மேல் பிடிப்பு குறைவு. அதனால் குளிர்விக்கும் உப்புகளின் பட்டியலில் இந்த இரண்டு பெயரும் திரும்பத் திரும்ப வரும்.

இதோடு நிறுத்திக்கொண்டால் லித்தியம் புளோரைடில் மாட்டிக்கொள்வோம். இரண்டுமே குட்டி அயனிகள், நீரேற்றம் பிரமாதம். ஆனால் கரைவது லேசான வெப்பங்கொள் மாற்றம், அதுவும் கரைவதே அரிது. லித்தியம் அயோடைடு நன்றாகச் சூடாகும். சீசியம் புளோரைடும் சூடாகும். சீசியம் அயோடைடோ குளிர்விக்கும்.

இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். படிகத்துக்குள் பிடி என்பது இரண்டு அயனிகளின் ஆரங்களையும் கூட்டிய தூரத்தைப் பொறுத்தது. ஒன்று குண்டாக இருந்தாலே போதும், இன்னொன்று எவ்வளவு குட்டியாக இருந்தாலும் நெருங்க முடியாது, பிடி தளர்ந்துவிடும். தண்ணீரிலோ ஒவ்வொரு அயனியும் தனித்தனியாக நீரேறுகிறது. குட்டி அயனிக்குக் கூட்டாளியின் பருமன் அங்கே தடையில்லை. ஆகவே ஒன்று சிறிது, ஒன்று பெரிது என்று பொருந்தாத ஜோடிதான் தண்ணீரில் அதிக லாபம் பார்க்கும், சூடாகும். அளவு ஒத்த ஜோடிகள் படிகத்துக்குள்ளேயே சௌகரியமாக இருக்கின்றன. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

ஒரு எச்சரிக்கை. மோலுக்கு எவ்வளவு என்ற எண்ணை மட்டும் பார்த்து எது நன்றாகக் குளிர்விக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். மோல் கணக்கில் வெடியுப்பு அம்மோனியம் நைட்ரேட்டை மிஞ்சும். அக்பர் காலத்து முகலாய அரண்மனையில் குடிநீர்க் குடுவையை வெடியுப்பு கரைத்த நீரில் சுழற்றிக் குளிரவைத்திருக்கிறார்கள். ஆனால் 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் வெடியுப்பு 32 கிராம்தான் கரையும். பூஜ்யம் டிகிரியில் அதுவும் 13 கிராமாகச் சுருங்கிவிடும். தான் உண்டாக்கிய குளிரே தன்னை மேலும் கரையவிடாமல் தடுக்கிறது. அம்மோனியம் நைட்ரேட் பூஜ்யம் டிகிரியில்கூட 118 கிராம் கரையும். குளிர்ப்பைக்காரர்கள் அதைத் தேடிப்போனது இதனால்தான்.

படி 6: ஒரே உப்பு, ஒரு தடவை குளிர், ஒரு தடவை சூடு

என் வீட்டில் கால்சியம் குளோரைடு டப்பா ஒன்று மூடி சரியாக இறுகாமல் பல மாதம் கிடந்தது. நண்பர்களிடம் ‘தண்ணீர் எப்படிச் சுடும் பாருங்கள்’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, கட்டிதட்டிப் போயிருந்த அதைப் பெயர்த்துப் போட்டேன். இரண்டு டிகிரிகூட ஏறவில்லை. உப்பு கெட்டுப்போகவில்லை. தண்ணீரோடு சேர்ந்து வெளியிட வேண்டிய வெப்பத்தை, காற்றிலிருந்த ஈரத்தோடு சேர்ந்து டப்பாவுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டு முடித்திருந்தது. ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்து முழுமையாகிவிட்ட கால்சியம் குளோரைடு, கரையும்போது தண்ணீரைக் குளிர்விக்கவே செய்யும்.

இதையே எப்சம் உப்பில் வேண்டுமென்றே செய்து பார்க்கலாம். ஒவ்வொரு மெக்னீசியம் சல்பேட்டோடும் ஏழு நீர் மூலக்கூறுகள் படிகத்திலேயே இருக்கின்றன. எடையில் 51 சதவீதம் தண்ணீர்! அப்படியே 10 கிராம் கரைத்தால் ஒரு டிகிரி சொச்சம் இறங்கும். இப்போது 50 கிராம் எப்சம் உப்பை நிறுத்து, அகலமான தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மின் அடுப்புப் பெட்டிக்குள் 200 முதல் 250 டிகிரியில் வையுங்கள். தன் நீரிலேயே உருகினாற்போல் ஈரமாகி, கொப்பளித்து, பிறகு வெள்ளைச் சுண்ணாம்புக்கட்டி போல இறுகும். நடுவில் எடுத்து, ஆறவைத்து நிறுத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். எடை 28 கிராமுக்கு வந்தால் ஏழில் ஆறு போய்விட்டது, 24.4-க்கு வந்தால் முழுவதும் போய்விட்டது. 28 வந்தாலே நம் வேலைக்குப் போதும்.

ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி, அறை வெப்பநிலைக்கு வந்ததும் பொடித்து, 10 கிராமை 100 கிராம் தண்ணீரில் போடுங்கள். கட்டிகட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பொறுமையாகக் கலக்க வேண்டும். தெர்மாமீட்டர் இந்தத் தடவை மேலே போகும். முழுக்க உலர்ந்த மெக்னீசியம் சல்பேட்டின் கணக்கு மோலுக்கு -91 கிலோஜூல், அதாவது 10 கிராமுக்கு 16 டிகிரி வரை. அடுப்பில் நீரை விரட்டக் கொடுத்த ஆற்றல்தான் இப்போது திரும்பி வருகிறது. சலவை சோடாவும் இப்படித்தான். பத்து நீரோடு இருக்கும் படிகம் குளிர்விக்கும், நீரற்ற தூள் சூடாக்கும்.

படி 7: நஷ்டம் என்றால் ஏன் கரைகிறது?

மேலே உள்ளதைப் படித்தவர்களுக்கு நியாயமாக எழ வேண்டிய கேள்வி இது. பற்றாக்குறை என்று தெரிந்தும் நவச்சாரம் ஏன் தானாகக் கரைகிறது?

ஆற்றல் மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை, என்ட்ரோபியும், அதாவது துகள்களும் ஆற்றலும் எத்தனை விதமாகப் பரவியிருக்கலாம் என்பதன் அளவும், சேர்ந்தே சொல்கிறது. படிகத்துக்குள் அயனிக்கு இருக்க ஒரே ஓர் இடம். தண்ணீருக்குள் அது இருக்கக்கூடிய இடங்களுக்குக் கணக்கில்லை. அம்மோனியம் நைட்ரேட்டுக்கு இதை எண்ணாகப் போடலாம். கரைவதால் வரும் என்ட்ரோபி உயர்வை 25 டிகிரியின் கெல்வின் மதிப்பான 298 ஆல் பெருக்கினால் மோலுக்கு ஏறக்குறைய 32 கிலோஜூல் வருகிறது. வெப்பப் பற்றாக்குறை 25.7 தான். பரவிக்கொள்வதில் கிடைக்கும் ஆதாயம் பெரிது, அதனால் கரைகிறது. கால்சியம் மாதிரி இறுக்கமாக நீரேறும் அயனிகளில் கதை வேறு. அவை தண்ணீர் மூலக்கூறுகளையே தங்களைச் சுற்றி வரிசையில் நிறுத்திவிடுவதால் என்ட்ரோபி குறையவும் செய்யலாம். அங்கே கரைதலைத் தள்ளுவது வெளியாகும் வெப்பம்தான்.

படி 8: இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவை

ஐஸில் உப்புப் போட்டால் -21 டிகிரி வரை இறங்குகிறதே, அதுவும் இதுதானே? பெரும்பாலும் இல்லை. உப்பு ஐஸின் உருகுநிலையைக் கீழே இறக்குகிறது, ஐஸ் உருகத் தொடங்குகிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேண்டும். குளிரின் பெரும்பங்கு அங்கிருந்து வருவது. உப்பு கரைவதன் பங்கு சொற்பம்.

தகட்டை ‘டக்’கென்று அமுக்கினால் சூடாகும் கைச்சூட்டுப் பை கரைதலின் எதிர்த்திசை. அதற்குள் இருப்பது அளவுக்கு மீறிக் கரைந்த சோடியம் அசிட்டேட். மூன்று நீர் சேர்ந்த படிகமாக இது கரையும்போது வெப்பத்தை வாங்கும், படிகமாகத் திரளும்போது அதைத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் படிகத்தின் உருகுநிலை 58 டிகிரி என்பதால் பை அதற்கு மேல் சுடாது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதிப்பதோ வேதிவினை, புதிய பொருளே உண்டாகிறது.

படி 9: கொட்டும்போது

எல்லாம் முடிந்து கழுவும் நேரத்தில் ஒரு விஷயம். கால்சியம் குளோரைடு கரைசலையும் எப்சம் உப்புக் கரைசலையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தெளிந்த இரண்டு நீர்கள் சேர்ந்த இடத்தில் பால் போல வெளுத்து, அடியில் மாவாகப் படியும். அது ஜிப்சம், குழாயில் தங்கினால் போகாது. தனித்தனியாக, நடுவில் நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றுங்கள். அந்த வெள்ளைப் படிவைப் பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு பழைய டம்ளரில் செய்து பாருங்கள், தெர்மாமீட்டரையும் உள்ளே வைத்தபடி.